பாரோவா, லெண்டா?

தமிழக–ஆந்திர எல்லையில் உள்ள திருத்தணி, நகரி பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அதிகம் தடுமாறுவது ‘பாரோ’வில்தான். காரணம் நம் ‘கடன்’. வாங்கினாலும் கடன், கொடுத்தாலும் கடன். தெலுங்கு ‘அப்பு’வும் அப்படியே. ஆங்கிலத்தில் திசைக்கு ஒரு சொல்: வாங்குபவர் செய்வது பாரோ, கொடுப்பவர் செய்வது லெண்ட்.

“கேன் யூ பாரோ மீ யுவர் பென்?” தப்பு. பேனா அவரிடம் இருக்கிறது, அவர் எப்படி வாங்குவார்? “கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?” அல்லது “கேன் ஐ பாரோ யுவர் பென்?” இரண்டில் ஒன்று. பாரோவுக்குப் பின் ‘ஃப்ரம்’ வரும், ‘டு’ வராது: “ஐ பாரோட் இட் ஃப்ரம் ஹிம்.”

நாம் பணத்துக்குக் கைமாத்து, பொருளுக்கு இரவல் என்று பிரிக்கிறோம். தெலுங்கிலும் சேபதுலு, எருவு என்று தனித்தனி. எவ்வளவு நுணுக்கமான மொழிகள்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பாரோதான். சைக்கிள், நூலகப் புத்தகம், நூறு ரூபாய் எல்லாவற்றுக்கும்.

ஆனால் எடுத்துப்போக முடியாததற்கு அது பொருந்தாது. விருந்தாளியாகப் போன வீட்டில் பாத்ரூமை பாரோ கேட்காதீர்கள். “கேன் ஐ யூஸ் யுவர் பாத்ரூம்?” என்று கேளுங்கள்.