பிரிட்டனில் வங்கி கணக்கை மூடினால்: காரணம் ஏன் சொல்வதில்லை, கையில் என்ன இருக்கிறது

"உங்களுக்கான வங்கிச் சேவையை நிறுத்த முடிவு செய்துள்ளோம். இந்த முடிவு மாறாது. மேற்கொண்டு விவரம் தர இயலாது." கணக்கை மூடும் கடிதம் பெரும்பாலும் இவ்வளவுதான். இருபது வருடமாகச் சம்பளம் விழும் கணக்கு என்றாலும் இதே மூன்று வரிதான் வரும். 2016-17-இல் பிரிட்டன் வங்கிகள் மூடிய கணக்குகள் சுமார் 45,000. 2021-22-இல் அது 343,000-ஐத் தாண்டிவிட்டது. அரசியல்வாதி நைஜல் ஃபராஜின் கணக்கை கூட்ஸ் வங்கி மூடப்போய், 2023 ஜூலையில் அதன் தாய் நிறுவனமான நாட்வெஸ்டின் தலைமை அதிகாரி அலிசன் ரோஸ் பதவி விலக நேர்ந்தது. அதன் பிறகுதான் பத்திரிகைகள் இதைப் பக்கம் பக்கமாக எழுதின.

கடிதம் வந்ததும் எல்லோரும் செய்வது கிளைக்குப் போய் "ஏன்?" என்று கேட்பது. அதில் பயனில்லை. 2002-ஆம் ஆண்டின் குற்றவருமானச் சட்டப்படி, ஒரு கணக்கில் வரும் பணம் குற்றத்தில் வந்ததோ என்று வங்கி ஊழியருக்குச் சந்தேகம் வந்தால், தேசியக் குற்றவியல் முகமைக்கு அறிக்கை போயாக வேண்டும். அப்படி அறிக்கை போனதை வாடிக்கையாளரிடம் சொல்லி, அதனால் விசாரணை கெடக்கூடும் என்றால், சொன்னவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. கவுண்டரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் உண்மையிலேயே எதுவும் தெரியாது. முடிவெடுத்தவர்கள் வேறு கட்டடத்தில், ஒருவேளை வேறு ஊரில் இருப்பார்கள்.

ஆனால் மூடப்படும் எல்லாக் கணக்குக்கும் பின்னால் அறிக்கை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பாதிக் கதை வங்கியின் லாப நஷ்டக் கணக்குதான். பிராட்ஃபோர்டில் ஃபவுலர் ஓல்ட்ஃபீல்ட் என்ற தங்க வியாபார நிறுவனம் நாட்வெஸ்டில் சுமார் 36.5 கோடி பவுண்ட் போட்டது. அதில் 26 கோடிக்கு மேல் ரொக்கம். கறுப்புக் குப்பைப் பைகளில் கொண்டுவந்தார்கள், கனம் தாங்காமல் பை கிழிந்தும் இருக்கிறது. பணச்சலவையைத் தடுக்கத் தவறியதற்காக 2021 டிசம்பரில் வங்கிக்கு விழுந்த அபராதம் 26.48 கோடி பவுண்ட். இதைப் பார்த்த வங்கிக்கு, மாதம் சில பவுண்ட் லாபம் தரும் ஒரு கணக்கை உட்கார்ந்து ஆராய்வதைவிட மூடிவிடுவது மலிவு. அநியாயம்தான், ஆனால் அவர்கள் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. முதலாவது சீட்டு. இருபது பேர் ஆளுக்கு 250 பவுண்ட், ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு முதலாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் வருகிறது. ஆறாம் தேதி 5,000 பவுண்ட் மொத்தமாக வேறொருவருக்குப் போகிறது. கண்காணிப்பு மென்பொருளுக்கு இது மோசடிப் பணத்தைக் கைமாற்றிவிடும் கணக்கு போலவே தெரியும். பேர்ப்பட்டியலும் தவணைக் குறிப்பும் எழுத்தில் இருந்தால் வங்கி கேட்கும்போது காட்டலாம். அதைவிட, சீட்டைச் சம்பளக் கணக்கில் ஓடவிடாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது உண்டியல், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் முறை. யாழ்ப்பாணத்தில் உங்கள் வீட்டுக்கு ரூபாய் கொடுத்துவிடுவார்கள், அல்லது அங்கே நீங்கள் கொடுக்கும் ரூபாய்க்கு இங்கே யாரோ முகம் தெரியாதவர் உங்கள் கணக்கில் பவுண்ட் போடுவார். அந்தப் பவுண்ட் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அது போதைப்பொருள் பணமாக இருந்தால், வங்கியின் பதிவில் அதைப் பெற்றவர் நீங்கள். இதற்கு எந்த விளக்கக் கடிதமும் உதவாது.

மூன்றாவது கடை. கணக்குத் திறந்தபோது மாத வரவு 8,000 பவுண்ட் என்று எழுதியிருப்பார்கள். கடை வளர்ந்து 25,000 ரொக்கம் போடத் தொடங்கியிருப்பார்கள். வங்கி அனுப்பும் கேள்விப்படிவம் பழைய விலாசத்துக்குப் போய்க் கிடக்கும். வாடிக்கையாளர் பற்றிய சோதனையை முடிக்க முடியாவிட்டால் உறவை முறிக்க வேண்டும் என்று 2017-இன் பணச்சலவைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. தடுத்திருக்கக்கூடிய மூடல் இதுதான், அதனால்தான் எரிச்சலாக வருகிறது. 2023-இல் எட்டு பெரிய வங்கிகள் மூடிய சிறுவணிகக் கணக்குகள் மட்டும் 140,000-க்கு மேல்.

இனி, கடிதம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தேதியைப் பாருங்கள். 2026 ஏப்ரல் 28-க்கு முன் திறந்த கணக்கு என்றால் சாதாரணமாக இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். உடனடி மூடல் என்றால் பெரும்பாலும் மோசடிச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவகாசம் இருந்தால் அன்றைக்கே புதுக் கணக்குக்கு விண்ணப்பியுங்கள், வேறு குழுமத்தில். ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் லாயிட்ஸைச் சேர்ந்தவை, ஆர்.பி.எஸ், கூட்ஸ் இரண்டும் நாட்வெஸ்ட். ஃபர்ஸ்ட் டைரக்ட் எச்.எஸ்.பி.சி. ஒரு கதவு மூடியபின் அதே வீட்டின் பின்கதவைத் தட்டுபவர்கள் நிறைய. கணக்கு மாற்றும் சேவை வழியாகப் போனால் ஏழு வேலை நாளில் டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகப் போகும் கட்டணங்கள்) எல்லாம் நகர்ந்துவிடும், பழைய எண்ணுக்கு வரும் பணமும் குறைந்தது மூன்று வருடம் புதுக் கணக்குக்குத் திருப்பிவிடப்படும். பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போதுதான் இது நடக்கும். முடக்கிய பின் நடக்காது. அதனால் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஆறு வருட ஸ்டேட்மெண்டையும் இப்போதே இறக்கிவையுங்கள். கணக்கோடு செயலியும் மூடிவிடும்.

புதுக் கணக்கு மறுக்கப்பட்டால் அடிப்படை வங்கிக் கணக்கு என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கடன் வசதி இல்லாத எளிய கணக்கு இது. பெரிய வங்கிகள் சில அதைத் தரக் கடமைப்பட்டவை. அதை மூடுவதற்கு எவை காரணமாகலாம் என்று 2015-இன் விதிகளே வரையறுத்திருக்கின்றன.

எங்கும் மறுக்கிறார்கள் என்றால் சிஃபாஸ் பதிவைப் பார்க்க வேண்டும். வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் மோசடித் தடுப்புத் தரவுத்தளம் அது. மோசடிப் பதிவு ஒன்று விழுந்தால் ஆறு வருடம் நிற்கும். உங்களைப் பற்றிய தரவைச் சிஃபாஸிடம் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். தவறு என்றால் முதலில் பதிவு போட்ட வங்கியிடம் முறையிட வேண்டும்.

பணம் முடங்கியிருந்தால் நாட்களை எண்ணுங்கள். அந்தப் பணத்தை விடுவிக்க வங்கி தேசியக் குற்றவியல் முகமையிடம் அனுமதி கேட்டிருந்தால் ஏழு வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம். மறுத்தால் இன்னும் 31 நாள். அதற்கு மேல் நீட்டிக்க நீதிமன்றம் போக வேண்டும்.

பிறகு காகித வேலை. "இது முறைப்பாடு" என்று தலைப்பிட்டே எழுதுங்கள். வெறும் விசாரிப்பாக எழுதினால் எந்தக் காலக்கெடுவும் ஓடாது. பொதுவாக எட்டு வாரத்தில் இறுதிப் பதில் வர வேண்டும். அது அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. உங்களுக்குக் காட்டாத ஆவணத்தை வங்கி அவரிடம் காட்ட முடியும் என்பது இதில் முக்கியம். ஆனால் கணக்கைத் திரும்பத் திறக்கச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். யாரை வாடிக்கையாளராக வைத்துக்கொள்வது என்பது வங்கியின் உரிமை என்றே பெரும்பாலும் தீர்ப்பு வரும். அவகாசம் குறைவாகக் கொடுத்தது, பணத்தை நியாயமின்றிப் பிடித்து வைத்தது, ஆதாரமில்லாமல் சிஃபாஸ் பதிவு போட்டது: இவற்றில்தான் வெல்ல வாய்ப்பு அதிகம்.

கூடவே, உங்களைப் பற்றி வங்கி வைத்திருக்கும் தகவலைக் கேட்கும் தரவுக் கோரிக்கையும் போடுங்கள். கணக்குக் குறிப்புகள், உள் மின்னஞ்சல்கள், தொலைபேசிப் பதிவுகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் கெடு. சிக்கலானது என்றால் மேலும் இரண்டு மாதம் எடுக்கலாம். ஃபராஜுக்குச் சுமார் 40 பக்கம் கிடைத்தது இப்படித்தான். குற்ற அறிக்கை சம்பந்தப்பட்ட வரிகள் கறுப்பு மை பூசியே வரும்.

2026 ஏப்ரல் 28 முதல் புது விதி: 90 நாள் அவகாசம், காரணமும் சொல்ல வேண்டும், குற்றச் சந்தேகம் போன்ற விலக்குகள் போக. ஆனால் அது அந்தத் தேதியிலிருந்து செய்யப்படும் ஒப்பந்தங்களுக்கு மட்டும். இருபது வருடமாக அதே வங்கியில் இருப்பவருக்குப் பழைய இரண்டு மாதம்தான். நேற்றுக் கணக்குத் திறந்தவருக்குப் பாதுகாப்பு கூடுதல். எனவே சம்பளமோ கடை வரவோ ஒரே பழைய கணக்கில் விழுகிறது என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு வேறு குழுமத்தில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, ஒன்றிரண்டு டைரக்ட் டெபிட்டை அதில் ஓடவிடுங்கள்.