மார்கழி ஊட்டி: முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஒரு கல்யாண போட்டோகிராபர்

கல்யாண போட்டோகிராபருக்கு வருடத்தில் உருப்படியாகக் கிடைக்கும் லீவு மார்கழி ஒன்றுதான். ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கான ப்ரீ-வெட்டிங் ஷூட் எல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து விழும். அதனால் கார்த்திகைக் கல்யாணங்களின் ஆல்பம் வேலை பாக்கி இருந்தாலும், மார்கழி பிறந்ததும் நானும் மனைவியும் ஊட்டிக்குக் கிளம்பிவிடுவோம். நேற்றிரவுதான் திரும்பினோம். சந்தோஷமும் ஆறவில்லை, டாக்சிக்காரர் மேல் வந்த கோபமும் ஆறவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அதில் ஒருமுறையாவது போகவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சரி என்று பேருந்தில் ஏறினோம். எங்கள் சீட்டு ஜன்னலின் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பர்லியாறு தாண்டியதுமே குளிர்காற்று நேராக முகத்தில் அடித்தது. கண்டக்டரிடம் சொன்னால், "மேல போனா இன்னும் நல்லா இருக்கும்" என்கிறார். மலைக்குப் போகும் வண்டியில், அதுவும் மார்கழியில், மூடாத ஜன்னலை வைத்து ஓட்டுவது சரியே இல்லை. பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா இருந்தார். என் மனைவி தன் சால்வையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு என் ஜெர்கினுக்குள் ஒடுங்கிக்கொண்டாள்.

குன்னூரில் இறங்கி அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் பிடித்தோம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். 1899இல் குன்னூர் வரை வந்த பாதை ஊட்டியைத் தொட்டது 1908இல். இந்தக் கடைசித் துண்டில் பல்சக்கரம் இல்லை, ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு முழுசாக இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. காசு கம்மியாக இருக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

இப்போது உறைபனி. பனி என்றாலே எல்லோரும் தொட்டபெட்டாவைத்தான் கேட்கிறார்கள். 2,637 மீட்டர் உயரம், அங்கேதான் கொட்டிக் கிடக்கும் என்று நினைப்பு. உண்மையில் உறைபனி தேடுகிறவர்கள் பள்ளத்துக்குத்தான் போகவேண்டும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கித் தாழ்வான புல்வெளியில் தேங்கும். ஊட்டியை ஒட்டிய தலைகுந்தாவும் காந்தலும் வெள்ளை வெளேர் என்று கிடப்பது அதனால்தான். முந்தின இரவு வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் அலாரம் வையுங்கள். மேகம் இருந்தால் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

எங்களுக்கு நட்சத்திரம் தெரிந்தது. விடிவதற்கு முன்னால் தலைகுந்தா போக டாக்சி கேட்டால் 1,500 ரூபாய் என்கிறார் ஒருவர். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரம்! "இந்த நேரத்துக்கு வேற யாரு வருவாங்க?" என்று அவரே கேள்வியும் கேட்கிறார். பேசிப் பேசி 900க்கு வந்தார். போய் இறங்கியதும் வெயிட்டிங் சார்ஜ் என்று இன்னொரு 200. விடிகாலையில் எழுந்து வருகிறவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. பேசிய பேச்சை மாற்றுவதுதான் ஆகவில்லை. அந்த 200ஐக் கொடுத்து அனுப்பிவிட்டு, திரும்பும்போது கூடலூரிலிருந்து வந்த பேருந்தில் ஏறினோம். ஒரு டீ காசில் ஊட்டி வந்து சேர்ந்தோம்.

ஆனால் அந்தப் புல்வெளி எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசி ஊசியாகப் பனி முளைத்திருந்தது. முழங்கால் போட்டுக் குனிந்து மேக்ரோ லென்ஸில் பார்த்தால், ஒரு காய்ந்த இலையின் நரம்பெல்லாம் சர்க்கரை பூத்த மாதிரி இருந்தது. வெள்ளையைப் பார்த்தால் கேமரா தானாகப் படத்தைச் சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பாவது, அதாவது இரண்டு மடங்காகவாவது, ஏற்றி வைக்கவேண்டும். மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியைக் கிட்டத்தில் எடுக்கும்போதும் இதே கணக்குதான். வெயில் வந்து தொட்ட இடம் சில நிமிடங்களில் வெறும் ஈரமாகிவிடுகிறது. நிழலின் எல்லை நகர நகர நாங்களும் அதன் பின்னாலேயே ஓடினோம். பக்கத்துச் சரிவில் தேயிலைக் கொழுந்து கருகிப் பழுப்பாக நின்றது. நமக்குக் கொண்டாட்டமான இந்தப் பனிதான் சிறு விவசாயிக்கு நஷ்டம். அங்கே நின்று ஆட்டம் போட எனக்கு மனசு வரவில்லை.

இந்தப் புல்வெளிக்கு நான் இத்தனை பாடுபட்டு வருவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கேதான் அவளிடம் கேட்டேன். அப்போது அவள் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தாள். ஸ்டுடியோவோடு சேர்ந்து மார்கழி டூர் வந்திருந்தோம். எல்லோரும் வண்டிக்குள் ஒடுங்கிக் கிடக்க, அவள் மட்டும் என் டிரைபாடைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலோகக் கால், கையுறையும் கிடையாது. விரல் சிவந்துபோயிருந்தது. "வாழ்க்கை பூரா இப்படிக் கூட நிப்பியா?" என்று கேட்டுவிட்டேன். முன்கூட்டி யோசித்த வசனமில்லை, அந்தக் கையைப் பார்த்ததும் வந்த கேள்வி. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல்ல டீ வாங்கிக் கொடுங்க" என்றாள். ரோட்டோரக் கடையில் இரண்டு டம்ளர் குடித்து முடித்த பிறகு, "தை பொறக்கட்டும். அப்பாகிட்ட வந்து பேசுங்க" என்று சொன்னாள். தை பிறந்ததும் போய்ப் பேசினேன்.

இதனால்தான் பைக்காராவில் பலூன் கட்டி, நிச்சயமெல்லாம் முடிந்த பிறகு கேமராவுக்காக மாப்பிள்ளை முட்டி போடும் ஷூட் எனக்குப் பிடிப்பதில்லை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: நிஜமாக எங்கே கேட்டீர்கள்? ஒரு ஜோடி, காலேஜ் பஸ் ஸ்டாப் என்றார்கள். அங்கேயே போய், பஸ் வந்து போகப் போக எடுத்தோம். அந்தப் பெண்ணின் சிரிப்பு எந்த ஏரிக்கரையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பார்த்துப் பேசி முடித்த கல்யாணம் என்றால் பெண் பார்த்த கூடத்திலேயே எடுக்கலாம். செலவும் மிச்சம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் சுடுசோறு, மலை அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, கேரட் பொரியல். இரண்டு பேரும் வயிறார உண்டதற்கு, முந்தின நாள் வியூ பாயிண்டில் ஆறிப்போன நூடுல்ஸுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. சாயங்காலம் பேக்கரியில் சூடான வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது முழுத் தகுதி உள்ள பண்டம். அடுக்கடுக்காக உதிரும், டீயில் முக்கியதும் உடனே வாயில் போட்டுவிட வேண்டும். பெட்டிக் கணக்கில் வாங்காதீர்கள், அன்று சுட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

வரிசையாகக் குறிப்பு தரலாம் என்று உட்கார்ந்தேன், பனியைப் பற்றியே எழுதிக்கொண்டு போய்விட்டது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், பேருந்துக்கு அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீலகிரிக்குக் கொண்டு போகாதீர்கள். மே மாதக் கூட்டத்தில் போய் இரண்டு மடங்கு வாடகை கொடுப்பதைவிட, கிறிஸ்துமஸ் புத்தாண்டு நெரிசலைத் தவிர்த்து மார்கழியில் ஒரு வார நாளில் போங்கள். அறையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டைப்பைக்குள் உடம்போடு வையுங்கள். வெளியிலிருந்து அறைக்குள் வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்க அவசரப்படாதீர்கள், லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். கையுறை இரண்டு ஜோடி வாங்குங்கள், டிரைபாட் பிடிக்கிறவருக்கும் சேர்த்து.