எழுபது பரப்புத் தோட்டமும் ஐந்து இலட்சம் டொலர்ப் போத்தலும்

பிரான்சின் பூர்கோஞ் பகுதியிலுள்ள ரொமனே கொன்ரி என்னும் முந்திரிகைத் தோட்டம் 1.8 எக்டரை ஒட்டியது. நம்மூர்க் கணக்கில் எழுபது பரப்புச் சொச்சம். அதன் 1945 ஆம் ஆண்டு வைன் போத்தல் ஒன்று, 2018 இல் நியூயோர்க்கில் சொதபி நடத்திய ஏலத்தில் 558,000 அமெரிக்க டொலருக்கு விலைபோனது. அந்த ஆண்டில் 600 போத்தல் அளவே கிடைத்தது என்பதும், அதன்பின் பழைய கொடிகள் பிடுங்கப்பட்டுவிட்டன என்பதும் அந்த விலைக்குக் காரணங்கள்.

இத்தகைய வைன்களின் விலையேற்றத்துக்குச் சுவையைக் காரணம் காட்டுவோர் பலர். எனக்கோ இது நல்லூர்க் காணி விலை ஏறியதைப் போன்ற விவகாரமாகவே படுகிறது: நிலம் நீளாது, வாங்க வருபவர்களோ தூர தேசங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ரொமனே கொன்ரி இருக்கும் வோன் றொமனே கிராமத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் குளோ த வூஜோ தோட்டம் ஏறக்குறைய 50 எக்டர்; அதற்கு உரிமையாளர்கள் எண்பது பேரளவில். பிள்ளைகளுக்குச் சமபங்கு என்னும் நெப்போலியன் காலச் சட்டம் தலைமுறைதோறும் அறுத்துக்கொடுத்ததன் விளைவுகளில் ஒன்று அது. எல்லைக் கதியாலுக்காக வழக்காடியவர்களின் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

பிரான்சின் இன்னொரு வைன் பகுதியான போர்தோவின் கதை வேறு. 1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டபோது, தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்தே தோட்டங்களைத் தரம் பிரித்தார்கள். விலையால் வந்த அந்தத் தரம், பிறகு விலையைத் தீர்மானிக்கத் தொடங்கியது. லஃபித், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன் ஆகிய நான்கும் இருந்த முதல் வகுப்புக்கு இன்றுவரை புதிதாக ஏறியது முத்தோன் மட்டுமே. அதுவும் 1973 இல்.

இந்த முதல் வகுப்பு வைன்களைக்கூட ஒரு காலத்தில் ஐரோப்பாவின் வசதியான வைத்தியரோ சட்டத்தரணியோ வாங்கிக் குடிக்க முடிந்தது. 1982 ஆம் ஆண்டு விளைச்சலை அமெரிக்க விமர்சகர் ரொபர்ட் பார்க்கர் புகழ்ந்ததும் அமெரிக்கப் பணம் பெருமளவில் உள்ளே வந்தது. வைன் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் விலை பேசி விற்றுவிடும் வழக்கம் அங்கே உண்டு. போத்தல் கைக்கு வர இரண்டு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், இடையில் விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு அது நல்ல வாய்ப்பாயிற்று. லத்தூர் 2012 இல் அந்த முறையிலிருந்தே விலகி, வைனைத் தன் நிலவறையில் வைத்திருந்து பின்னர் விற்கத் தொடங்கியது. ஏறும் விலை இடையில் நிற்பவர்களுக்குப் போவானேன் என்று எண்ணியிருக்கலாம்.

பெரிய பாய்ச்சல் 2008 இல் தொடங்கியது. ஹொங்கொங் அந்த ஆண்டு வைன் மீதான தீர்வையை முற்றாக நீக்கியதும் சீனச் செல்வந்தர்கள் ஏல மண்டபங்களை நிறைத்தார்கள். லஃபித் தன் 2008 ஆம் ஆண்டுப் போத்தலின் கண்ணாடியில் எட்டு என்னும் சீன எழுத்தைப் பொறிக்கப்போவதாக அறிவித்தவுடனேயே, உள்ளே இருந்த வைன் மாறாமலே விலை எகிறியது. எட்டு சீனருக்கு இராசியான எண். இந்த வியாபாரத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

விலை ஏறிய இடத்தில் கள்ளமும் வந்தது. ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே வைன்களைக் கலந்து, பழைய லேபிள்களைப் போல அச்சிட்டு ஒட்டி, கோடிக்கணக்கில் விற்றார். 2014 இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வாங்கியவர்களில் பலர் போத்தலைத் திறக்கும் எண்ணமே இல்லாதவர்கள் என்பதால்தான் அவ்வளவு காலம் பிடிபடாமல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

2022 இன் பிற்பகுதியில் இந்தச் சந்தை இறங்கத் தொடங்கியது. 2023 ஆம் ஆண்டு விளைச்சலை முதல் வகுப்புத் தோட்டங்களே விலை குறைத்து வெளியிட்டன. ஆனால் அதே போர்தோவில் பெயரில்லாத கமக்காரரின் நிலைமை இன்னும் மோசம். அவரது வைனுக்கு ஆளில்லாததால், கொடிகளைப் பிடுங்குவதற்கு அரசே பணம் கொடுக்கிறது. பாரிஸின் லா சப்பலில் நம்மவர் கடைக்குச் சாமான் வாங்கப் போகும் உறவினர், ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் துவாயில் சுற்றிக் கொண்டுவரும் போர்தோ, லஃபித்தினுடையதல்ல, இந்தக் கமக்காரருடையது. பாரிஸ் சுப்பர்மார்க்கெட்டில் அதன் விலை சில யூரோக்கள்தான்.