பிரிட்ஜுக்குள் முத்து: ஐந்தாவது வாரம்

இன்று காலை என் ஆமை முத்து தராசில் 633 கிராம். டிசம்பர் தொடக்கத்தில் குளிர்கால உறக்கத்துக்குப் பிரிட்ஜில் வைத்தபோது 640. மாதத்துக்கு ஒரு சதவீதம் எடை குறையலாம் என்ற கணக்குக்குள்தான் நிற்கிறது. போன வருஷம் இதே ஜனவரியில் பாதியிலேயே எழுப்ப வேண்டி வந்ததால், இந்த 633 எனக்குப் பெரிய சந்தோஷம்.

முத்து ஹெர்மன் என்ற நில ஆமை வகை, வயது ஏழு. உறக்கத்துக்கு முன் பட்டினி, தினக் குளியல் எல்லாம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். என்னைப் பாடாய்ப் படுத்தியது பிரிட்ஜுக்குள் 5 டிகிரியிலேயே நிறுத்துவது.

போன வருஷம் பிரிட்ஜை கராஜில் வைத்தேன். லண்டன் பனியில் கராஜே 1 டிகிரிக்கு இறங்கியது. பிரிட்ஜுக்குக் குளிர்விக்கத்தான் தெரியும், சூடாக்கத் தெரியாது. கம்பிரசர் ஓடாமலே உள்ளே 1.8 ஆகிவிட்டது. உறைநிலைக்குப் போனால் ஆமைக்குக் கண் போய்விடும். அன்றே எழுப்பினேன். பிரிட்ஜ் ஸ்டிக்கரில் 'எஸ்என்' என்றிருந்தால் 10 டிகிரிக்குக் குறையாத அறைக்கும், 'என்' என்றால் 16க்குக் குறையாத அறைக்கும் செய்த பிரிட்ஜ் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இந்த முறை மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். ஆனால் பிரிட்ஜின் சொந்தத் திருகை நம்பினால் 3க்கும் 8க்கும் நடுவே ஊசலாடுகிறது. 10ஐத் தாண்டினால் ஆமை அரைவிழிப்பில் உடம்பைக் கரைக்கும். அதனால் வெப்பநிலையைப் பார்த்துப் பிரிட்ஜுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும், பிளக்கில் மாட்டும் தெர்மோஸ்டாட் வாங்கினேன். அதன் சென்சரை எங்கே வைப்பது என்பதிலேயே பத்து நாள் போனது. காற்றில் தொங்கவிட்டால் கம்பிரசர் ஓயாமல் விட்டு விட்டு ஓடுகிறது. பெட்டி மண்ணுக்குள் புதைத்தால் மண் குளிர்வதற்குள் பின்சுவர்ப் பக்கம் காற்று 2க்கு இறங்கிவிடுகிறது. கடைசியில் சென்சருக்கு ஒரு சுற்று துணி சுற்றி, முத்துவின் பெட்டிக்கு வெளியே ஒட்டினேன். குளிர் சீராக நிற்க மற்ற தட்டுகளில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு. கம்பிரசர் நின்றால் ஐந்து நிமிஷம் கழித்தே மறுபடி ஓடும்படி வைத்தேன். இப்போது 4.6க்கும் 5.4க்கும் நடுவே கோடு போட்டதுபோல் நிற்கிறது. தினமும் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் விசிறுகிறேன், உள்ளே நல்ல காற்று வேண்டும்.

முத்து கால்சியத்துக்குக் கடித்துத் தின்னும் கணவாய் ஓட்டைக் கடையில் வாங்குவதை விட்டுவிட்டேன். எங்கள் தமிழ் மீன்கடையில் முழுக் கணவாய் வாங்கினால் ஓடும் சேர்ந்தே வருகிறது. கழுவி, வேகவைத்து, ஹீட்டர் மேல் காயவைத்தால் போதும். நாலு ஓடு தயாராக இருக்கிறது.

ஊரிலிருந்து தம்பி நட்சத்திர ஆமை வளர்க்கலாமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், அந்த ஆமையெல்லாம் காட்டிலிருந்து திருடி வருவது.

பிப்ரவரிக் கடைசியில் எழுப்ப வேண்டும். அதற்குள் வெயிலுக்குப் பதிலாகப் போடும் யூவிபி (புறஊதா) விளக்குக் குழாய் புதிதாக மாற்றணும், பழையது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவன் தின்னும் டேன்டேலியன் கீரை விதையும் தொட்டியில் போடணும். இன்று எடை போடும்போது முன்காலை விரலால் தொட்டேன். மெதுவாக, மிக மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான்.