உப்புத்தாள் பட்ட ராட்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில், டூல் ரூம் உதவியாளராக நான் சேர்ந்த முதல் வருஷம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் அச்சான டை எல்லாவற்றையும் துடைத்து வைக்கச் சொன்னார் போர்மேன். தகட்டைக் கிண்ணமாக இழுக்கும் ஒரு டிராயிங் டையின் அடிப்பாகத்தில் ஆறு கேஸ் ஸ்பிரிங் இருந்தன. உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தால் ஒரு ராடை, அதாவது தண்டை, வெளியே தள்ளிக்கொண்டிருப்பவை அவை. ராடுகளில் எண்ணெய் காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்தது. பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் துடைத்தும் போகவில்லை. பக்கத்தில் கிடந்த உப்புத்தாளை எடுத்து ஒரு ராடைச் சுற்றித் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் மற்ற ஐந்தும் பிழைத்தன.

சில வாரம் கழித்து அந்த டையில் வரும் கிண்ணங்கள் ஒரு பக்கம் மட்டும் சுருக்கம் விழுந்து வர ஆரம்பித்தன. தகடு சரியில்லை என்றோம், எண்ணெயை மாற்றிப் பார்த்தோம், டையை இறக்கி மட்டம் பார்த்தோம். மூன்று நாள் போயிற்று. கடைசியில் போர்மேன் ஆறு ஸ்பிரிங்குகளையும் கழற்றி ஒவ்வொன்றாக, பலத்தை அளக்கும் லோடு செல்லில் அழுத்தினார். ஒன்று மட்டும் வலுவிழந்து இருந்தது. டார்ச் அடித்து ராடைப் பார்த்தவர், "தம்பி, இதுல உப்புத்தாள் போட்டியா?" என்றார்.

"ஆமாண்ணே."

திட்டவில்லை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அன்று கேட்டதுதான் இன்றுவரை என் வேலைக்கு அடிப்படை.

சுருள் ஸ்பிரிங் அழுத்த அழுத்தத்தான் முறுக்கேறும். கேஸ் ஸ்பிரிங்கில் தொட்ட மாத்திரத்திலேயே பெரும்பலம் நிற்கும். 36 மில்லிமீட்டர் ராடு, உள்ளே 150 பார், அதாவது வெளிக்காற்றைப் போல சுமார் 150 மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் என்றால் சுமார் ஒன்றரை டன். அவ்வளவையும் வெளியே விடாமல் பிடித்திருப்பது ராடைத் தழுவி நிற்கும் ஒரு மெல்லிய சீல் உதடு. அதற்காகத்தான் ராடைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்தாலும், ஒவ்வொரு அடிக்கும் அது சீலை அரத்தால் ராவுகிற மாதிரி ராவும். நிமிஷத்துக்கு 20 அடி என்றால் எட்டு மணி நேர ஷிப்டில் 9,600 தடவை. கேஸ் இறங்கிய பக்கம், தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் பிடி தளரும். அங்கே தகடு கட்டுப்பாடில்லாமல் உள்ளே ஓட, சுருக்கம் விழும். நாங்கள் மூன்று நாள் தேடியது இதைத்தான்.

இப்போது நான் பனியன் வேஸ்ட்டையும் ராடு பக்கம் விடுவதில்லை. நூல் பிரிந்து, ராடைத் துடைக்கும் வளையமான வைப்பரில் மாட்டிக்கொள்ளும். பல தடவை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணிதான் சரி. ஏர் கன்னும் வேண்டாம். தூசியைப் போக்குகிறேன் என்று அது பொடித் துகளைச் சீலுக்குள் ஊதிவிடும். தின்னர் சீலைக் கெடுக்கும். ஸ்பிரிங் உட்காரும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் துடைத்துப் பயனில்லை, வடிய ஒரு வழி வெட்ட வேண்டும். எண்ணெயோடு சேர்ந்த உலோகப் பொடி அங்கேயே ஊறிக்கிடந்து ராடை அரித்தெடுக்கும். என் அனுபவத்தில் உப்புத்தாளைவிட அதிக ஸ்பிரிங்கைக் கொன்றது இந்தத் தேக்கம்தான். பூஜை நாளில் பையன்கள் ஆசையாகச் சந்தனமும் குங்குமமும் கொண்டுவருவார்கள். டையின் நெற்றியில் தாராளமாக வைக்கச் சொல்வேன், ராடில் மட்டும் கூடாது. காய்ந்த சந்தனமும் மண்ணுதான்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 150 பார் என்பது 20 டிகிரியில் சொன்ன கணக்கு. சூடேறினால் அழுத்தமும் ஏறும். அக்னி நட்சத்திரத்தில், ஷெட்டுக்குள் 40 டிகிரி இருக்கும்போது மீட்டரைப் பார்த்து 150 நிரப்பினால், 20 டிகிரி கணக்கில் அது 140தான். ஓடி ஓடி ஸ்பிரிங் 80 டிகிரிக்குச் சூடேறினால், சரியாக நிரப்பியதுகூட 180 பாரைத் தொடும். அதற்கு மேல் சூடாக விடக் கூடாது. நிரப்புவது நைட்ரஜன் மட்டும்தான். எண்ணெய் இருக்கிற இடத்தில் ஆக்சிஜன் போனால் வெடிக்கும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது, வேலை முடிந்து ஓரமாகக் கிடக்கும் ஸ்பிரிங்கைப் பார்த்துத்தான். வலு குறைந்ததும் "செத்துருச்சு" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் பாதி கேஸ் போனாலும் மிச்சம் 75 பார் உள்ளே இருக்கும். காயலான் கடையில் அதைக் கேஸ் கட்டரால் அறுத்தால் குண்டுதான். அதனால் ராடு யார் பக்கமும் நீட்டாதபடி வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் வால்வை மெதுவாகத் திறந்து முழுசாக இறக்குவேன். பிறகு ராடைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். உள்ளே போய் அப்படியே நின்றால்தான் காலி. பழைய இரும்பு வண்டிக்காரர் வரும் நாளில் ஒவ்வொன்றையும் நானே எடுத்து, வால்வு கழற்றிய ஓட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தராசில் ஏற்றச் சொல்கிறேன்.