ரெண்டு போன், மூணு சிம், ஒரு ஓடிபி

திருப்பூரில் என்னுடையது சின்னக் கடை. பட்டன், ஜிப், எலாஸ்டிக், லேபிள், ஹேங் டேக் என்று பனியன் கம்பெனிகளுக்கு வேண்டிய சில்லறைச் சாமான். ஜிப்பும் மெட்டல் பட்டனும் பாதிக்கு மேல் சீனச் சரக்குதான், பல வருஷமாக மும்பை இறக்குமதியாளர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் போகிற லாபம் உறுத்தவே, 2024 ஏப்ரல் கடைசியில் நானே சீனாவின் குவாங்சோவுக்குக் கிளம்பிவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து குவாங்சோ. அங்கே நடக்கும் பெரிய வர்த்தகக் கண்காட்சியான கேன்டன் ஃபேரின் மூன்றாம் கட்டம் மே 1 முதல் 5 வரை. அதைப் பார்த்துவிட்டு, சோங்டா துணிச் சந்தையில் ஆர்டர் போட்டுவிட்டுத் திரும்புவது திட்டம்.

விசா, அழைப்புக் கடிதம், யுவான் ரொக்கம், புளிக்காய்ச்சல் பாட்டில் வரை பட்டியல் போட்டு எடுத்து வைத்தேன். போனைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. ஹோட்டலில் வைஃபை இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

30ஆம் தேதி ராத்திரி அறைக்குள் நுழைந்து வைஃபையைப் போட்டேன். வாட்ஸ்அப் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சீனாவில் 2017 முதலே அதற்குத் தடை. கூகுள், ஜிமெயில், யூடியூப் எதுவும் கிடையாது. இது ஊரறிந்த சேதிதான், எனக்கும் தெரியும். ஆனால் "தடை இருக்கிறது" என்று தெரிவது வேறு, நட்டநடு ராத்திரியில் பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று அம்மாவுக்கு ஒரு வரி அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பது வேறு.

சரி, நேரடியாகக் கூப்பிடலாம் என்று பார்த்தால் சிம்மில் சிக்னல் இல்லை. ப்ரீபெய்டு நம்பர். வெளிநாட்டு ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிட்டு வர வேண்டும், பிளேன் இறங்கியதும் தானாக வந்துவிடாது என்பதை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் ரிசப்ஷனில் முன்பணம் கட்டி ஐஎஸ்டி லைன் வாங்கி, 0091 போட்டு வீட்டுக்குப் பேசினேன். அதற்குள் அங்கே ஒரு நாள் முழுக்கக் கலவரம். "ஏஞ்சாமி, ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சுட்டாங்களாடா?" என்று அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார். ஒன்றும் இல்லையென்று சொல்லி முடிப்பதற்குள் ஹோட்டல் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

நிஜமான சிக்கல் 2ஆம் தேதி வந்தது. சோங்டா என்பது பக்கத்திலிருக்கும் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர். கண்காட்சி நடக்கும் பாச்சோவுக்கும் இந்தச் சந்தைக்கும் ஒரே மெட்ரோ, 8ஆம் நம்பர் லைன். காலையில் கண்காட்சி, மதியம் சந்தை. கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண்ணை நாள் சம்பளத்துக்கு வைத்திருந்தேன். நாலு மாடி ஏறி இறங்கி, ஒரு கடையில் 5ஆம் நம்பர் நைலான் ஜிப் நல்ல விலைக்குப் படிந்தது. மொத்தம் 60,000 யுவான், 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு ஏற்றுவதற்கு முன். கடைக்காரர் அந்த லாட்டை எனக்காக ஒதுக்கி வைக்கச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை கடை அடைப்பதற்குள் அட்வான்ஸ் அனுப்பிய ரசீது வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கையிலிருந்த ரொக்கத்தில் 2,000 யுவானை டோக்கனாகக் கொடுத்தேன்.

என் கம்பெனி அக்கவுண்டில் பணம் அனுப்புவது ரெண்டு ஆள் வேலை. தம்பி பேங்க் போர்டலில் விவரங்களை ஏற்றுவான், நான் ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒப்புதலுக்கு ஓடிபி. ஓடிபி வருவது என் நம்பருக்கு. என் நம்பரோ குவாங்சோவில் செத்துக் கிடக்கிறது. மெயிலுக்கும் ஒரு பிரதி வரும். அந்த மெயில் ஜிமெயில்.

தம்பி ஓடி ஓடி அலைந்தான். ரோமிங்கைத் திறக்க சிம் கம்பெனிக் கடைக்குப் போனால், "நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க" என்றார்களாம். இவன் தலையில் அடித்துக்கொண்டு டூப்ளிகேட் சிம் கேட்டிருக்கிறான். அதற்கு ஆதாரோடு நான் நேரில் வர வேண்டும். அப்படியே எடுத்தாலும் புது சிம்மில் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. நம் நன்மைக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், மோசடிக்காரன் சிம் மாற்றி ஓடிபியைத் திருடக் கூடாதென்று. அந்த வாரம் அந்த நியாயம் எனக்குக் கசந்தது.

இதற்கிடையில் மணிக்கணக்கு வேறு. நமக்கும் அவர்களுக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். திருப்பூரில் பேங்க் திறக்கும் பத்து மணிக்கு அங்கே பன்னிரண்டரை. அந்த நேரத்தில் சந்தையில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு மேஜையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். அவர்கள் எழுந்து வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இங்கே மேனேஜர் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். ரெண்டு பக்கமும் விழித்திருக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை போச்சு. சனிக்கிழமை காலையில் போய் நின்றபோது லாட் வேறொருவருக்குப் போயிருந்தது. கடைக்காரர் கெட்ட மனுஷனில்லை. என் 2,000 யுவானை எண்ணித் திருப்பிக் கொடுத்து, டீ ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன், வேறென்ன செய்ய.

சிக்கலை அவிழ்த்தது என் வீட்டுக்காரி. எங்கள் வீட்டில் எல்லா நம்பருக்கும் ரீசார்ஜ் அவர் பொறுப்பு. சிம் கம்பெனி ஆப்பில் என் நம்பர் அவர் போனில் எப்போதோ லாகின் ஆகிக் கிடந்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் எதற்கோ அதைத் திறந்தவர் கண்ணில் ரோமிங் பேக் பட்டது, வாங்கிப் போட்டுவிட்டார். நான் மெட்ரோவில் இருந்தேன். போன் ஒரு தடவை உதறியது, பிறகு நிற்கவே இல்லை. காலாவதியான ஓடிபி மட்டும் ஏழு. நடுவில் ஒரு அழைப்பு. பேங்காக இருக்குமென்று பதறி எடுத்தால், "சார், ஹெல்த் இன்சூரன்ஸ் விஷயமா..." என்றது ஒரு குரல்.

சிம் உயிர் பெற்றதும் இன்னொரு கூத்து புரிந்தது. ரோமிங் டேட்டா நம் ஊர் கம்பெனி வழியாகத்தான் சுற்றி வருகிறது. அதனால் அதில் வாட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் குவாங்சோவிலேயே ஓடின. ஆனால் சீனர்களுக்கு வாட்ஸ்அப் மாதிரியான வீசாட் ஓடவில்லை. 2020 ஜூன் 29 அன்று நம் அரசாங்கம் தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஹோட்டல் வைஃபையில் வீசாட் ஓடும், வாட்ஸ்அப் ஓடாது. சந்தையில் விலைப்பட்டியல், சாம்பிள் போட்டோ, லாரி ஆபீஸ் முகவரி எல்லாமே வீசாட்டில்தான் நடக்கிறது. விசிட்டிங் கார்டு கேட்டால் போனை நீட்டி க்யூஆரைக் காட்டுகிறார்கள். ஆக, வீட்டோடு பேச ஒரு இன்டர்நெட், வியாபாரம் பேச இன்னொரு இன்டர்நெட்.

அதற்காகவே பாஸ்போர்ட்டைக் கொடுத்து, முகத்தைப் படம் எடுக்க விட்டு, ஒரு சீன சிம் வாங்கினேன். கையில் ஒரே போன், ஒரே சிம் துளை. இந்திய சிம்மைக் கழற்றி சீன சிம்மைப் போட்டேன். பெரிய தப்பு. பேங்க் ஆப்புக்கு சிம் மாறியது தெரிந்துவிட்டது. இந்திய சிம்மைத் திருப்பிப் போட்ட பிறகும் மறுபடி பதிவு செய்யச் சொன்னது, அதற்கு என் நம்பரிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசில்லை, போகிற எஸ்எம்எஸ்ஸுக்கு உண்டு. பேக்கில் எஸ்எம்எஸ் இருந்ததால் பிழைத்தேன். கூகுள் மேப் அந்த ஊரில் சரியான இடத்தைக் காட்டுவதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. சீன வரைபடங்களின் அளவுமுறை வேறு, புள்ளி விலகி விழும். ஒரு கட்டத்தில் அதன் கணக்குப்படி நான் முத்து ஆற்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் ஆப் போடச் சொல்லிப் பல பேர் யோசனை சொன்னார்கள். வியாபாரம் செய்யப் போன ஊரில் சட்டத்தோடு விளையாட எனக்குத் துணிச்சல் இல்லை.

2025இல் மறுபடி கிளம்பியபோது போன்தான் முதல் வேலை. இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்கிற சிம், போடக்கூடிய போன் ஒன்று வாங்கினேன். அதில் இந்திய சிம் நிஜத் துளையில், ரோமிங் திறந்து, டேட்டா அணைத்து. எஸ்எம்எஸ் வாங்குவது மட்டுமே அதன் வேலை. தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுப்பதில்லை. இன்டர்நெட்டுக்கு ஹாங்காங் வழியாகப் போகிற பயண இ-சிம். ஊரிலேயே வாங்கி, ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டேன். அங்கே போய் இறக்க முதலில் நெட் வேண்டும், ஹோட்டல் வைஃபையை நம்ப எனக்கு மனசில்லை. இந்த ஒரு இ-சிம்மில் வாட்ஸ்அப், வீசாட் ரெண்டும் ஓடின. முதல் தடவையே இது தெரிந்திருந்தால் அந்த ஜிப் லாட் என் கடையில் இருந்திருக்கும்.

மூன்றாவது, சீன நம்பர். முந்தின வருஷம் வாங்கியதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது செத்துப்போயிருந்தது, அந்த நம்பரில் இருந்த வீசாட் கணக்கும் கூடவே போய்விட்டது. அறுபது எழுபது கடைக்காரர்களின் தொடர்பு. புதிதாக ஒன்று வாங்கிப் பழைய போனில் போட்டேன். புதுக் கணக்குத் தொடங்க ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் தன் போனில் ஸ்கேன் செய்து உறுதி சொல்ல வேண்டும். அதே மொழிபெயர்ப்புப் பெண்தான் செய்தார். இந்த முறை ஒவ்வொரு கடையின் பெயர்ப்பலகையையும் போட்டோ எடுத்து, நம்பரையும் மெயிலையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதே ஜிப் கடைக்குப் போனேன். அவருக்கு என்னை நினைவிருந்தது. "லாவ்பான்!" என்று சிரித்தார், முதலாளி என்று அர்த்தம், அங்கே யாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். விலை பேசி முடித்தோம். அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற வரை காத்திருந்து, தம்பிக்கு மெசேஜ் போட்டேன். அவன் போர்டலில் ஏற்றினான். மேஜையில் வைத்திருந்த போன் டிங் என்றது. ஆறு இலக்கம். அடித்தேன், ஒப்புதல் ஆயிற்று. பேங்க் ரசீது சாயங்காலம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது, அதை வீசாட்டில் அவருக்குத் தள்ளினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு லாட்டின் மேல் என் பெயரை மார்க்கரால் எழுதினார்.

அன்று ராத்திரி அம்மா வீடியோ காலில், "இந்தத் தடவ போன் நல்லாத் தெரியுதே கண்ணு, எந்தக் கம்பெனி சிம்மு?" என்றார். மூணு சிம் என்று சொன்னால், எதுக்குடா இவ்வளவு தண்டச் செலவு என்பார். சும்மா சிரித்துவைத்தேன்.

பழைய போன் இப்போது கடை டிராயரில் இருக்கிறது. நம்பர் சாகாமலிருக்க குவாங்சோவிலிருந்து அந்த மொழிபெயர்ப்புப் பெண்தான் மாசாமாசம் ரீசார்ஜ் போடுகிறார். எவ்வளவு தர வேண்டும் என்று மெயிலில் கேட்டேன். அடுத்த தடவை வரும்போது கார முறுக்கு ரெண்டு கிலோ கொண்டுவந்தால் போதும் என்று பதில் வந்தது.