வாசலில் ஒரு ஜீப்

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ஓஎஸ்டி மையத்தில், அதாவது போதைக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுக்கும் மையத்தில், நர்ஸாக இருக்கிறேன். ஹெராயினையோ வலி மாத்திரையையோ ஊசியில் ஏற்றிப் பழகியவர்கள் தினமும் காலையில் எங்களிடம் வருவார்கள். அந்த மாற்று மருந்தான ப்யூப்ரினார்ஃபின் மாத்திரையைப் பொடித்து அவர்கள் நாக்குக்கு அடியில் வைப்போம். முழுசாகக் கொடுத்தால் வாயில் ஒதுக்கிக்கொண்டுபோய் அதையும் ஊசியில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. கரையும்வரை எதிரே பெஞ்சில் உட்கார வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் கார்டில் கையெழுத்து.

ஒருநாள் மாத்திரை வாங்கிவிட்டு வெளியே போன ஒரு பையனை வாசலிலேயே போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று இரவே விட்டுவிட்டார்கள். ஆனால் மறுநாள் பெஞ்சு பாதி காலி. அதற்கடுத்த நாள் நான்கே பேர். அந்தப் பையன் ஐந்தாம் நாள்தான் வந்தான். விடாத கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், கையெல்லாம் புல்லரிப்பு. முழங்கை மடிப்பில் புதிதாக ஒரு ஊசித் தடம். "வெளிய நிக்கிறாங்க சிஸ்டர், எப்படி வர்றது?" என்றான். ஐந்து மாதம் ஊசியைத் தொடாமல் இருந்தவன். யாருடைய ஊசியை வாங்கிப் போட்டான் என்று கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எச்ஐவியும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-யும் அந்த ஒரு ஊசியில் வந்துவிடலாம்.

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "வாங்குறவனைப் புடிச்சாத்தானே மேடம், விக்கிறவன் யாருன்னு தெரியும்? பள்ளிக்கூட வாசல்ல மாத்திரை விக்கிறான்னு தினம் ஒரு அம்மா வந்து அழுவுறாங்க." அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் வாசலிலும் விற்பவன் வந்து நிற்கிறான். மருந்துக்கு வருபவனை மடக்கித் திரும்பவும் இழுக்க அதைவிடத் தோதான இடம் வேறில்லை. போலீஸ் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

கொண்டுபோன தாள்களைக் கொடுத்தேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஹெராயின் பயன்படுத்தினாலே ஓராண்டுவரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு என்கிறது. பாதியில் நின்றால் அந்த விலக்கும் போகலாம். அப்படியிருக்க, சிகிச்சைக்கு வருகிறவனை வாசலில் நிறுத்திப் பயமுறுத்தினால் அவன் எப்படி முழுசாக எடுப்பான்? 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டத்தின் 22-ஆம் பிரிவையும் காட்டினேன். நோய்த்தடுப்புத் திட்டத்தில் சுத்தமான ஊசி கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளி அல்ல என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அவர் இதற்குமுன் அதைப் படித்ததில்லை. இரண்டுமுறை படித்துவிட்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஹெராயின் போன்ற ஓபியம் வகைப் போதைப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 77 லட்சம் என்று 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொல்கிறது. இத்தனை பேருக்கு ஜெயில் போதாது, எங்கள் பெஞ்சும் போதாது. ஆனால் பயன்படுத்துபவன்மேல் வழக்குப் போடுவது சுலபம். அவன் எங்கே இருப்பான் என்று தெரியும், ஓடவும் உடம்பில் தெம்பிருக்காது. 27-ஆம் பிரிவு இருக்கும்வரை இந்த இழுபறி தீராது என்பதே என் எண்ணம்.

அடுத்த வாரம் ஜீப் தெருமுனைக்குப் போனது. விற்பவன் ஒருவன் அங்கேதான் மாட்டினான். பத்து நாளில் பெஞ்சு நிறைந்தது. அந்தப் பையனுக்கு டாக்டர் மருந்தை மறுபடி தொடங்கினார்.

போன மாதம் அந்த இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. அதே இரண்டு தாளையும் மறுபடி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை டியூட்டி முடிந்ததும் புதியவரைப் பார்க்கப் போக வேண்டும்.